மானிய விண்ணப்பம் எழுதுவது கடைசி வேலை

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் மலையடிவாரக் கிராமங்களில் எட்டு ஆண்டுகளாக இயங்கும் ஒரு சிறிய அறக்கட்டளை. வாரத்தில் இரண்டு நாள் மருத்துவ முகாம், முழுநேரச் செவிலியர் ஒருவர், பகுதிநேர மருத்துவர் ஒருவர். இதுவரை நன்கொடையில் ஓடிவிட்டது. இனி நடமாடும் மருத்துவ ஊர்தி ஒன்றுக்கு அரசு மானியம் கேட்கலாமா, கேட்பதென்றால் எப்படித் தயாராவது, புரபோசல், அதாவது திட்ட விண்ணப்பம், எழுதித் தருகிறேன் என்று கிடைக்கும் தொகையில் பத்து சதவீதம் கேட்பவரிடம் வேலையைக் கொடுக்கலாமா என்பது கேள்வி.

கேட்கலாம். ஆனால் இப்போதைக்குப் புரபோசலை மறந்துவிடுங்கள். அறிவிப்பு வந்தால் சில வாரங்கள்தான் அவகாசம் இருக்கும். அதற்குள் எழுதி முடித்துவிடலாம். மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கையை அதற்குள் உண்டாக்க முடியாது. பான் அட்டையில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் ஒரு பெயர் என்றிருந்தால் அதைத் திருத்தவும் முடியாது. எட்டு ஆண்டு முகாம் பதிவேட்டைத் தோண்டி எண் எடுக்கவும் நேரம் இருக்காது. நான் பார்த்தவரை, திரும்பி வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை எழுத்துக் குறையால் திரும்பியவை அல்ல. கோப்பில் ஏதோ ஒன்று இல்லை, அல்லது கேட்டது தவறான இடம்.

இடத்திலிருந்தே தொடங்கலாம். கிராமப்புற சுகாதாரத்துக்குக் கோடி கோடியாக ஒதுக்கீடு என்று செய்தியில் படிக்கும்போது நமக்கும் அதில் ஒரு துளி இருக்கும் என்று தோன்றும். பெரும்பாலும் இருக்காது. 15ஆவது நிதிக் குழு 2021-26 காலத்துக்கு உள்ளாட்சி அமைப்புகள் வழியாகச் சுகாதாரத்துக்கென்று பரிந்துரைத்த தொகை 70,051 கோடி ரூபாய். அதில் ஊரகப் பகுதிக்கு 43,928 கோடி. 2021இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் சுகாதார உள்கட்டமைப்பு இயக்கத்துக்கு 64,180 கோடி. கட்டடம் இல்லாத துணை சுகாதார நிலையம், ஆய்வகம், வட்டாரப் பொதுச் சுகாதார அலகு என்று அரசின் சொந்த அமைப்புகளுக்குப் போகிற பணம் இது. அறக்கட்டளையின் கணக்குக்கு வராது. இந்தத் தொகைகளைப் புரபோசலின் முதல் பக்கத்தில் மேற்கோள் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். படிக்கிற அதிகாரிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

உங்களைப் போன்றவர்களுக்குப் பணம் வரும் வழிகள் வேறு. பழங்குடியினர் வாழும் பகுதி என்றால், ஒன்றிய பழங்குடியினர் நல அமைச்சகம் தன்னார்வ அமைப்புகளுக்குத் தரும் மானியத் திட்டத்தைப் பாருங்கள். பத்துப் படுக்கை மருத்துவமனை, நடமாடும் மருந்தகம் இரண்டும் அதன் பட்டியலிலேயே உண்டு. பொதுவாகச் செலவில் 90 சதவீதம் அரசு, 10 சதவீதம் உங்கள் கையிலிருந்து. அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணையில் அறிவிக்கப்பட்ட பழங்குடிப் பகுதிகளுக்குச் சலுகை உண்டு என்று படித்துவிட்டு நமக்கும் அது பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவும் இல்லை. எனவே அந்தப் பத்து சதவீதம் எங்கிருந்து வரும் என்பதை முதலிலேயே யோசித்து வைக்க வேண்டும்.

அடுத்தது மானியம் போலத் தோன்றினாலும் உண்மையில் செய்த வேலைக்குக் கூலி. பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தில் இலவசக் கண்புரை அறுவைக்கு ஒன்றுக்கு இவ்வளவு என்று தொண்டு நிறுவனங்களுக்குத் தருவதும், காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் நோயாளியைக் கண்டறிவது, சிகிச்சை முடியும்வரை கூடவே இருப்பது போன்ற சேவைகளை வாங்கிக்கொள்வதும் இந்த வகை. வேலையை முடித்து, ஆவணம் கொடுத்து, பிறகுதான் பணம். இடைப்பட்ட மாதங்களைச் சொந்தக் காசில் ஓட்டத் தெம்பு இருந்தால் சிறிய அமைப்புக்கு இதுதான் நல்ல தொடக்கம் என்பேன். அரசோடு ஒரு ஒப்பந்தத்தை ஒழுங்காக முடித்தவர் என்ற பெயர், அடுத்த விண்ணப்பத்தில் பத்துப் பக்க விளக்கத்தைவிட அதிகம் பேசும்.

மூன்றாவது வழி தேசிய சுகாதார இயக்கம். ஒன்றியம் 60, மாநிலம் 40 என்ற பங்கில் ஓடும் பணம். இது அறிவிப்பு பார்த்து விண்ணப்பிக்கிற வகை மட்டுமல்ல. மாவட்டத்திலிருந்து தேவைகள் திரண்டு மாநிலத் திட்ட அறிக்கையாகி, டெல்லியில் ஒப்புதல் பெற்று, அப்புறம்தான் இறங்கி வரும். அந்த அறிக்கை 2022-24, 2024-26 என்று இரண்டு ஆண்டுகளுக்கு ஒன்றாகத் தயாரானது. உங்கள் யோசனை மாவட்ட அளவில் எழுதப்படும் நேரத்தில் அந்த மேசையில் இல்லையென்றால், அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டியதுதான். அதனால்தான் மாவட்டச் சுகாதார அலுவலரைச் சும்மா இருக்கும் காலத்தில் போய்ப் பார்க்கச் சொல்கிறேன்.

எம்பி தொகுதி நிதியைப் பலரும் கேட்பார்கள். ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதில் நிலையான சொத்து உண்டாக்கலாம், சம்பளமும் டீசலும் போட முடியாது. வண்டியை வாங்கித் தந்துவிட்டு ஓட்டுவதற்குப் பணம் தராத திட்டம் சிறிய அமைப்புக்கு வரமா சாபமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சரி, கோப்பு. தன்னார்வ அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்பண் தளத்தில் பதிவு செய்து எண் வாங்கியாக வேண்டும். ஒன்றிய அரசு மானியத்துக்கு அது இல்லாமல் நகராது. அங்கே நிர்வாகிகளின் பான், ஆதார் விவரம் கேட்கும். இங்கேதான் நம் ஊர் இனிஷியல் வேலையைக் காட்டும். அறங்காவலரின் ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், பானில் அதுவே அப்பா பெயராக விரிந்து பின்னால் இருக்கும், டிரஸ்ட் பத்திரத்தில் இனிஷியலே இருக்காது. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. எல்லா அறங்காவலர்களின் ஆவணங்களையும் ஒரு மதியம் மேசையில் பரப்பி ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்தம் தேவைப்பட்டால் இப்போதே மனு கொடுங்கள்.

டிரஸ்ட் பத்திரத்தின் நோக்கப் பகுதியையும் எடுத்துப் படியுங்கள். பல அறக்கட்டளைகள் கல்விக்கென்று தொடங்கிப் பிறகு மருத்துவத்துக்கு வந்தவை. நோக்கத்தில் மருத்துவம், சுகாதாரம் என்ற சொல்லே இல்லையென்றால் எட்டு ஆண்டு சேவையும் காகிதத்தில் கணக்கில் வராது. பத்திரத்தில் திருத்தத்துக்கு வழி இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவான சங்கம் என்றால், நிர்வாகிகள் மாற்றமும் ஆண்டுக் கணக்கும் பதிவாளரிடம் தாக்கலாகியிருக்க வேண்டும். வருமான வரி விலக்குக்கான பதிவு ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் போதும் என்ற காலம் 2021 ஏப்ரலோடு போய்விட்டது. உங்கள் உத்தரவில் எந்தத் தேதிவரை செல்லும் என்று போட்டிருக்கிறது? ஆடிட்டரிடம் கேட்பதைவிட நீங்களே ஒருமுறை பாருங்கள்.

மருத்துவப் பணி என்பதால் இன்னும் சில காகிதங்கள் கூடுதல். நிலையான கிளினிக் நடத்தினால் 1997ஆம் ஆண்டு தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு வேண்டும். ஊசியும் பஞ்சும் எங்கே போகின்றன என்று ஆய்வுக்கு வருபவர் நிச்சயம் கேட்பார்; 2016ஆம் ஆண்டு உயிர் மருத்துவக் கழிவு விதிகளின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அங்கீகாரமும், கழிவை எடுத்துச் செல்லும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு ஒப்பந்தமும் கையில் இருக்கட்டும். ஊர்தியில் ஸ்கேன் கருவியும் வைத்தால் நன்றாக இருக்குமே என்று ஒரு வரி சேர்க்கத் தோன்றும். வேண்டாம். கருவில் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கெடுபிடிகள் முழுவதும் அந்த ஒரு வரியால் உங்கள் மேல் ஏறும்.

இவ்வளவும் நுழைவுச் சீட்டு. ஒருவரின் விண்ணப்பத்தை இன்னொருவருடையதிலிருந்து பிரித்துக் காட்டுவது எண்கள்தான்.

எல்லோரும் எழுதும் வாக்கியம் ஒன்று உண்டு: "இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை உள்ளது." 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின் எண், சரியானதுதான். ஆனால் அதைப் படிக்கும் அதிகாரிக்கு அது மனப்பாடம். அவருக்குத் தெரியாதது உங்கள் பன்னிரண்டு கிராமங்களின் நிலை. மாவட்ட எண் கிடைக்கும்; ஆய்வின் மாவட்டக் குறிப்பு எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. ஆனால் சில வீடுகளை மட்டும் மாதிரியாக எடுக்கும் அந்த ஆய்வு மாவட்ட அளவிலும் அதற்கு மேலும்தான் பேசும், ஒரு வட்டாரத்தைப் பற்றியோ ஊரைப் பற்றியோ பேசாது. சமவெளியும் மலையும் ஒரே மாவட்டத்தில் இருந்தால் சராசரி மலையை மறைத்துவிடும். அந்த இடைவெளியை நிரப்ப உங்களிடம் ஒரு பொருள் இருக்கிறது, முகாம் பதிவேடு.

ஒரு உதாரணம், எண்கள் என் கற்பனை. உங்கள் பதிவேட்டில் ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை வாங்குபவர்கள் 640 பேர் என்று வைத்துக்கொள்வோம். கடைசி மூன்று மாதமும் விடாமல் வாங்கியவர்களை மட்டும் எண்ணுங்கள். 270 வருகிறது. அதாவது நூற்றில் 42 பேர். மற்ற 370 பேரும் ஏன் விட்டார்கள்? செவிலியரை ஐம்பது பேரிடம் அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள், காரணத்தை அவர்கள் சொன்னபடியே எழுதச் சொல்லுங்கள். "காலையில ஆறு மணிக்கே வேலைக்குப் போயிடுவோம், முகாம் பத்து மணிக்கு" என்று முப்பது பேர் சொன்னால், உங்கள் திட்டமே மாறிவிடுகிறது. பத்து மணிக்கு வரும் ஊர்தி பத்து மணிக்கு நடக்கும் முகாமைவிட எந்த வகையில் மேல்? அங்கே தேவை மாலை ஆறு மணிக்கு ஒரு செவிலியர், ஒரு இரு சக்கர வண்டி, ஒரு பிபி கருவி.

ஊர்தி கேட்பவர்களிடம் நான் கொஞ்சம் கடுமையாகவே இருப்பேன். ஊர்தி கண்ணுக்குத் தெரியும், பக்கவாட்டில் பெயர் எழுதலாம், திறப்பு விழா வைக்கலாம். அதனாலேயே எல்லோரும் அதைக் கேட்கிறார்கள். ஆனால் அரசின் நடமாடும் மருத்துவக் குழுக்கள் ஏற்கெனவே ஓடுகின்றன. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். உங்கள் விண்ணப்பத்தைப் பார்த்ததும் அதிகாரி கேட்கும் முதல் கேள்வி, "இதை நாங்களே செய்கிறோமே, நீங்கள் எதற்கு?" இதற்குப் பதில் இல்லாத விண்ணப்பம் அங்கேயே முடிந்துவிடும். அரசு சேவை சரியில்லை என்பது பதில் ஆகாது, சொன்னாலும் எடுபடாது. அவர்கள் பட்டியலில் இருக்கும் எந்தக் குக்கிராமங்களுக்கு மழைக்காலத்தில் வண்டி போக முடிவதில்லை, எந்த நேரத்தில் ஆள் வீட்டில் இருப்பதில்லை, அந்த இடத்தை நீங்கள் எப்படி நிரப்புவீர்கள், யாரிடம் திருப்பி ஒப்படைப்பீர்கள் என்பதுதான் பதில்.

தூரத்தையும் அளந்து சொல்லுங்கள். இந்தியப் பொதுச் சுகாதாரத் தரநிலையின்படி மலை, பழங்குடிப் பகுதிகளில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 20,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்க வேண்டும். சமவெளியில் 5,000, 30,000. உங்கள் பகுதி மக்கள்தொகையை அதோடு வைத்துப் பார்த்தால் ஒருவேளை பற்றாக்குறையே இருக்காது. பயப்பட வேண்டாம், அதையும் எழுதுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தும் கடைசிக் குக்கிராமத்திலிருந்து நிலையத்துக்கு நடந்து போக எவ்வளவு நேரம், பேருந்து ஒரு நாளைக்கு எத்தனை முறை, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று ஒரு அட்டவணை போட்டால் போதும். இதைச் செவிலியரும் இரண்டு இளைஞர்களும் ஒரு வாரத்தில் எடுத்துவிடுவார்கள். இந்த அட்டவணையைப் போல உள்ளூர் வாசனை வேறு எதற்கும் வராது.

நோயாளிகளின் பெயரும் முகமும் மட்டும் வேண்டாம். இணைப்பில் கர்ப்பிணிகளின் புகைப்படத்தைப் பக்கம் பக்கமாக வைக்கிறார்கள். எண் போதும்.

எண்களைக் கையில் வைத்துக்கொண்டு வட்டார மருத்துவ அலுவலரைப் பாருங்கள். கிராம சுகாதார செவிலியரை அதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். ஊரில் யார் கர்ப்பம், யார் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள், எந்த வீட்டில் முதியவர் தனியாகக் கிடக்கிறார் என்று அவருக்குத் தெரிந்ததில் பாதி நம் பதிவேட்டில் இருக்காது. அவருடைய வேலையைக் குறை சொல்லும் திட்டமாக உங்களுடையது தெரிந்தால், ஆய்வின்போது அவர் ஒரு வார்த்தை சொல்வார், போதும். அவருடைய சுமையில் கொஞ்சத்தை ஏற்கும் திட்டமாகத் தெரிந்தால் அவரே பரிந்து பேசுவார். வட்டார மருத்துவ அலுவலரிடம் கேட்க வேண்டியது "உங்கள் திட்டங்களில் எங்கே ஆள் எட்டவில்லை" என்பது. ஆதரவுக் கடிதம் கேட்பது இரண்டாவது, மூன்றாவது சந்திப்பில். கடிதத்திலும் "சிறப்பான சேவை செய்து வருகிறார்கள்" என்ற பொதுப் பாராட்டு எதற்கும் உதவாது. இன்ன கிராமங்களுக்கு மாதம் இத்தனை நாள் மருந்து எங்கள் நிலையத்திலிருந்து வழங்கப்படும் என்ற ஒரு வரி இருந்தால், உங்கள் பட்ஜெட்டிலிருந்து மருந்துச் செலவின் பெரும்பகுதி குறைந்துவிடும்.

ஊராட்சி மன்றத் தீர்மானமும் வாங்கிவையுங்கள். கிராம சுகாதார, தூய்மை, ஊட்டச்சத்துக் குழு என்று ஒன்று காகிதத்திலாவது ஒவ்வோர் ஊரிலும் இருக்கும். இன்ன செலவுக்கென்று கட்டிப்போடாத நிதியாக ஆண்டுக்கு 10,000 ரூபாயும் அதற்கு உண்டு. பெரிய தொகை இல்லை. ஆனால் அந்தக் குழுவின் கூட்டக் குறிப்பில் உங்கள் யோசனை பேசப்பட்டிருந்தால், மக்கள் பங்கேற்பு என்ற தலைப்பில் கற்பனை வளத்தைக் காட்ட வேண்டியிருக்காது.

பட்ஜெட்டுக்கு வருவோம். முழுத் தொகையை முதலில் தீர்மானித்துவிட்டுக் கீழே பிரித்துப் போடுவது நம்மிடம் உள்ள பழக்கம். படிப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும், எல்லா வரிகளும் முழு ஆயிரத்தில் முடியும். கீழிருந்து மேலே போங்கள். எல்லா யோசனைக்கும் பிறகும் ஊர்திதான் தேவை என்றால், எரிபொருளை இப்படிக் கணக்கிடுங்கள். ஒரு நாள் சுற்று 60 கிலோமீட்டர். மாதம் 22 நாள், ஆக 1,320 கிலோமீட்டர். மலைச்சாலையில் லிட்டருக்கு 11 கிடைக்கும் என்று வைத்தால் 120 லிட்டர். அதை அன்றைய டீசல் விலையால் பெருக்கி, பக்கத்தில் கணக்கையும் எழுதுங்கள். இதே போலக் காப்பீடு, எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), டயர், ஓட்டுநர் விடுப்பில் போனால் மாற்று ஆளின் கூலி, கழிவு எடுப்பவருக்கு மாதக் கட்டணம். ஓட்டுநருக்கு மாற்று ஆள் என்ற வரி இருக்கும் பட்ஜெட்டை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். இருந்தால், இவர்கள் உண்மையிலேயே வண்டி ஓட்டியவர்கள் என்று தெரிந்துவிடும்.

சம்பளத்தில் ஒரு அசிங்கமான வழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காகிதத்தில் முழுச் சம்பளம், கையில் பாதி, மீதி "நன்கொடையாக" அறக்கட்டளைக்கே திரும்புவது. பத்து சதவீதப் பங்கை இப்படித்தான் பலர் காட்டுகிறார்கள். செவிலியர் ஒருவர் கோபத்தில் வேலையை விட்டு ஒரு கடிதம் போட்டால் மானியமும் போகும், பெயரும் போகும். உங்கள் பங்கைக் காட்ட நேர்மையான வழிகள் இருக்கின்றன. வாடகை வாங்காமல் யாராவது கட்டடம் தந்திருந்தால் அதைக் கணக்கில் கொள்ள முடியுமா என்று திட்ட விதியைப் பாருங்கள். முடியும் என்றால் உரிமையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். பணமாகத்தான் வேண்டும் என்றால் பத்து சதவீதத்துக்கு நன்கொடையாளர்களின் உறுதிக் கடிதம் கையில் இல்லாமல் விண்ணப்பிக்காதீர்கள்.

வெளிநாட்டு நன்கொடை வாங்கும் அமைப்பு என்றால் அந்தக் கணக்கோடு இதைக் கலக்கவே கூடாது. மானியத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, அந்தக் கணக்குக்கு, ஒன்றிய அரசு தன் பணம் போகும் வழியைக் கண்காணிக்கும் பொது நிதி மேலாண்மை அமைப்பில் பதிவு, தனி ரொக்கப் புத்தகம். நம் ஆடிட்டர் ஆண்டு முடிந்ததும் பார்த்துக்கொள்வார் என்று விட்டால் யூசி நேரத்தில் தூக்கம் போகும்.

யூசி, அதாவது பயன்பாட்டுச் சான்றிதழ். விண்ணப்பிக்கும் முன்பே அந்தப் படிவத்தைப் பார்த்துவிடுங்கள். 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் படிவம் 12ஏ என்று இருக்கும். மானியம் வாங்கிய நிதியாண்டு முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் அதைக் கொடுத்தாக வேண்டும். தொடர் மானியத்தில் முந்தைய ஆண்டின் சான்றிதழும் தணிக்கை அறிக்கையும் போய்ச் சேராமல் அடுத்த ஆண்டுத் தொகையில் 75 சதவீதத்துக்கு மேல் விடமாட்டார்கள். மானியப் பணம் வங்கியில் கிடந்து ஈட்டிய வட்டி உங்களுடையது அல்ல, திருப்பிக் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் வாங்கிய வண்டியை அனுமதி இல்லாமல் விற்கவோ வேறு வேலைக்கு ஓட்டவோ முடியாது. ஒரே வேலைக்கு இரண்டு துறைகளிடம் வாங்கக் கூடாது. நாட்டின் கணக்குத் தணிக்கைத் தலைவரின் (சிஏஜி) ஆட்கள் உங்கள் புத்தகத்தைக் கேட்கலாம். மானியம் உங்கள் வரவில் கணிசமான பங்காகிவிட்டால் தகவல் உரிமைச் சட்டமும் உங்களைத் தொடும். அரசு நிதியில் கணிசமாக இயங்கும் தன்னார்வ அமைப்புகளும் அதன் வரம்புக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. லாக் புக் (வண்டி ஓடிய கணக்கு), மருந்து இருப்புப் பதிவேடு, வவுச்சர்கள், மூன்று கொட்டேஷன், தீர்மானப் புத்தகம் இவற்றை மானியம் வருவதற்கு முன்பே, நன்கொடைப் பணத்துக்கே இப்படி எழுதிப் பழகுங்கள். ஆறு மாதம் பழகினால் செவிலியருக்கும் கணக்கருக்கும் கை தானாக வந்துவிடும். அப்படிப் பழகவே முடியவில்லை, ஆள் போதவில்லை என்றால், இந்த ஆண்டு விண்ணப்பிக்காமல் இருப்பதே நல்லது. அரசு தவணை சொன்ன தேதிக்கு வருவது அரிது. நான்கைந்து மாதச் சம்பளத்தைத் தாங்கும் கையிருப்பு இல்லாத அமைப்பு, மானியம் கிடைத்த பிறகுதான் முதன்முதலாகக் கடன் வாங்கும்.

பத்து சதவீதம் கேட்பவரைப் பற்றி. கொடுக்காதீர்கள். கிடைக்கும் தொகையில் சதவீதம் என்பது எந்தத் திட்டத்தின் பட்ஜெட்டிலும் எழுத முடியாத செலவு. எழுத முடியாததை எங்கிருந்தாவது எடுக்கத்தான் வேண்டியிருக்கும், அங்கே பொய் பில் தொடங்கும். "மேலே எனக்கு ஆள் இருக்கிறது" என்று அவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எழுத்து வேலைக்கு உதவி தேவைதான் என்றால், இவ்வளவு பக்கத்துக்கு இவ்வளவு என்று கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒரே கட்டணமாகப் பேசி, சொந்த நிதியிலிருந்து கொடுத்து, ரசீது வாங்குங்கள். எண்களும் ஊர்க் கதையும் உங்களிடமிருந்துதான் அவருக்குப் போக வேண்டும். தன்னிடம் தயாராக இருக்கும் புரபோசலில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றித் தருபவர்கள் நிறைய. ஒரே பத்தி மூன்று மாவட்ட விண்ணப்பங்களில் வருவதைப் படிக்கிறவர்கள் கவனிக்காமல் இல்லை.

எழுதும் வேலையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அறிவிப்பில் மதிப்பெண் பகிர்வு கொடுத்திருந்தால் அதே வரிசையில், அதே தலைப்புகளில் எழுதுங்கள். படிப்பவர் தேடக் கூடாது. இலக்கை உங்கள் பதிவேட்டிலிருந்தே எடுங்கள். மேலே சொன்ன கற்பனை உதாரணத்தில், 640 பேரில் 270 என்பதை ஓராண்டில் 384 ஆக்குவோம், அதாவது 42 சதவீதத்தை 60 ஆக்குவோம் என்பது இலக்கு. "ஆயிரக்கணக்கான மக்கள் பயன்பெறுவர்" என்பது இலக்கு அல்ல. முகாம் எத்தனை நடந்தது என்பதோடு நிறுத்தாதீர்கள், யாருக்கு ரத்தக்கொதிப்பு கட்டுக்குள் வந்தது என்று எப்படி அளப்பீர்கள், யார் அளப்பார், எந்தப் பதிவேட்டில் என்று சொல்லுங்கள். மானியம் நின்ற பிறகு என்ன ஆகும் என்ற கேள்விக்கு "நன்கொடை திரட்டுவோம்" என்று ஒற்றை வரியில் முடிக்கவும் வேண்டாம். எந்தப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தின் வேலையோடு சேர்ந்துவிடும், எந்தப் பகுதி நின்றுவிடும் என்று உள்ளதைச் சொல்வதில் தவறில்லை. கடைசி நாளில் இணையதளம் திணறும். இரண்டு நாள் முன்பே ஏற்றிவிட்டு ஒப்புகையை அச்சடித்து வையுங்கள்.

ஆய்வுக்கு யாராவது வரும் நாளில் முகாமை அலங்கரிக்காதீர்கள். வழக்கமாக நடக்கும் நாளிலேயே வரச் சொல்லுங்கள். வருபவர் பதிவேட்டில் ஏதோ ஒரு பெயரைத் தொட்டு "இவர் வீட்டுக்குப் போகலாமா" என்பார். அந்த வீட்டுக்கு வழி தெரிந்த ஆள் அன்று கூட இருக்க வேண்டும்.

நிராகரித்துவிட்டால் சண்டைக்குப் போக வேண்டாம், சும்மாவும் இருக்க வேண்டாம். முதலில் அந்தப் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசிக் காரணம் கேளுங்கள். பாதி நேரம் வாயால் சொல்லிவிடுவார்கள். சொல்லாவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு தகவல் உரிமை மனு. உங்கள் விண்ணப்பத்தின் மீதான ஆய்வுக் குறிப்பையும் மதிப்பெண்ணையும் நகலாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அதில் அவர்கள் குறித்த ஒவ்வொரு குறைக்கும் எதிரே யார், எப்போதைக்குள் சரி செய்வது என்று அடுத்த அறங்காவலர் கூட்டத்தில் தீர்மானமாக எழுதிவிடுங்கள்.